70, 50, பூஜ்யம்: கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டலாமா?

இன்னைக்கு எபிசோடுக்கு மூணு எண்கள் போதும். 70, 50, பூஜ்யம். உங்க கார் கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடணும்னு இந்தியாவில் இருக்கிற மொத்தச் சட்டமும் இந்த மூணு எண்களைச் சுத்தித்தான் ஓடுது. முதல் ரெண்டும் விதிப் புத்தகத்தில் இருக்கு. மூணாவது எண் 2012-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. இப்போ அந்த மூணாவது எண் இன்னும் உயிரோடு இருக்கா இல்லையாங்கிறதுதான் பிரச்சினை.

இதைப் பேசலாம்னு தோணினதுக்குக் காரணம் ஒரு மெயில். கோயம்புத்தூர்ல இருக்கிற ஒரு நேயர். மனைவியோட அம்மா வீடு பாலக்காட்டில். எட்டு மாசக் குழந்தையை வச்சிக்கிட்டு மாசத்துக்கு ரெண்டு தடவை வாளையார் வழியா போய் வர்றாங்க. மார்ச், ஏப்ரல் வெயில்ல பின் சீட்டுல குழந்தை முகம் சிவந்துபோகுது. "கேரளாவில் ஃபிலிம் ஒட்டலாம்னு தீர்ப்பு வந்திருச்சு, அப்போ நானும் ஒட்டலாம்தானே அண்ணா?"ன்னு கேட்டிருக்கார். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி மாதிரி இருக்கு. நானும் அப்படித்தான் நினைச்சு உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க நீண்டுக்கிட்டே போச்சு.

முதல்ல 70-ம் 50-ம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 100ஆவது விதி. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைஞ்சது 70 சதவீத வெளிச்சத்தை ஊடுருவ விடணும். பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைஞ்சது 50 சதவீதம் விடணும். கண்ணாடி அப்படித் தயாரிக்கப்பட்டிருக்கணும், அப்படியே பராமரிக்கப்படவும் வேண்டும். இந்த "பராமரிக்க" என்ற சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி ஒரு பெரிய சண்டையே இதை வச்சு நடக்குது.

இந்த ஊடுருவும் வெளிச்சத்துக்குத் தொழில்ல வி.எல்.டி.ன்னு சொல்வாங்க. ஃபிலிம் கடைக்குப் போனா "சார், இது செவன்டி, இது ஃபிஃப்டி, இது ட்வென்டி"ன்னு சாம்பிள் அட்டையை விரிச்சுக் காட்டுவாங்க இல்லையா, அந்த எண் இதுதான். பெரிய எண் என்றால் தெளிவு, சின்ன எண் என்றால் கறுப்பு.

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. கடைக்காரர் சொல்ற 70 ஃபிலிமோட எண். சட்டம் கேட்கிற 70 ஃபிலிமும் கண்ணாடியும் சேர்ந்த பிறகு மிஞ்சுற எண். கண்ணாடி தன் பங்குக்கு ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னுடுது. எந்தக் கண்ணாடியும் 100 சதவீதம் விடாது. ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிப் பிரதிபலிச்சுப் போயிடும். அதுக்கு மேல கார் கண்ணாடியில் பெரும்பாலும் கம்பெனியிலேயே லேசான பச்சை நிறம் இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். உங்க கண்ணாடி 80 சதவீதம் விடுதுன்னு வச்சுக்குங்க. அதுமேல 70 ஃபிலிம் ஒட்டறீங்க. இங்கே கழிக்கக்கூடாது, பெருக்கணும். 0.8-ஐ 0.7-ஆல் பெருக்கினா 0.56. அதாவது 56 சதவீதம். பக்கவாட்டுக்கு 50 இருந்தா போதும், அதனால தேறிடுச்சு. அதே ஃபிலிமை முன் கண்ணாடியில் ஒட்டினா? அங்கே 70 வேணும், இருக்கிறது 56. ஃபெயில். 80 சதவீதக் கண்ணாடியில் 70 மிஞ்சணும்னா ஃபிலிம் தனியா 87.5 சதவீதமாவது விடணும். கண்ணாடியே 75 சதவீதம்னா ஃபிலிம் 93-க்கு மேல இருக்கணும். "செவன்டி ஃபிலிம் லீகல் சார், எங்கே வேணும்னாலும் ஒட்டலாம்"னு ஒருத்தர் சொன்னா அவர் பெருக்கல் போடலைன்னு அர்த்தம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கடை கடையா ஏறி இறங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சரி, பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

2011-இல் அவிஷேக் கோயங்கா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு போட்டார். கறுப்பு ஃபிலிம் ஒட்டின வண்டிகள் குற்றங்களுக்குப் பயன்படுது, உள்ளே யார் இருக்காங்க, என்ன நடக்குதுன்னு வெளியே தெரியல, விதி இருந்தும் யாரும் அமல்படுத்தலைங்கிறது அவரோட வாதம். 2012 ஏப்ரல் 27-ஆம் தேதி தீர்ப்பு. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு. மே 4-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க அமல்.

தீர்ப்பு என்ன சொன்னது? எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் சரி, கண்ணாடிமேல் ஒட்டக்கூடாது. கறுப்பு ஃபிலிம் மட்டுமில்லை, வேறு எந்தப் பொருளும் கூடாது. ஆக ஃபிலிமைப் பொறுத்தவரை அனுமதி பூஜ்யம். Z, Z+ பாதுகாப்பு வளையத்தில் இருக்கிறவங்களுக்கு மட்டும் அதிகாரிகள் பரிசீலிச்சு விலக்கு கொடுக்கலாம்னு ஒரு சின்னக் கதவு.

ஆனா கவனிங்க, உச்ச நீதிமன்றம் நிறமே கூடாதுன்னு சொல்லல. கம்பெனி கண்ணாடியைத் தயாரிக்கும்போதே நிறம் சேர்த்து, 70-க்கும 50-க்கும் கீழே போகாமப் பார்த்துக்கிட்டா அது சரி. தடை இருந்தது பின்னாடி ஒட்டுறதுக்குத்தான். விதியில் "பராமரிக்க" என்று இருக்கே, 70-க்குக் குறையாம நான் ஃபிலிம் ஒட்டிப் பராமரிக்கிறேன், அதில் என்ன தப்புன்னு ஒரு வாதம் வந்தது. விதி கண்ணாடியைப் பற்றித்தான் பேசுது, கண்ணாடிமேல் ஒட்டுற எதைப் பற்றியும் பேசலைன்னு நீதிமன்றம் பதில் சொன்னது. தீர்ப்பை மாத்தச் சொல்லி வந்த மனுக்களையும் அதே வருஷம் ஆகஸ்டில் தள்ளுபடி பண்ணிட்டாங்க.

இன்ஜினியர் மூளைக்கு இது முதல்ல உறுத்தும். கம்பெனியிலிருந்தே 50 சதவீதத்தோட வர்ற கண்ணாடி சட்டப்படி சரி. நான் ஒட்டி 56-இல் நிக்கிற கண்ணாடி தப்பு. உள்ளே வர்ற வெளிச்சம் என்னோட கண்ணாடியில்தானே அதிகம்?

இதுக்கு என் வாசிப்பைச் சொல்றேன். சிக்னல்ல நிக்கிற காவலர் கையில் மீட்டர் கிடையாது. டின்ட் மீட்டர்னு ஒரு கருவி இருக்கு. ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் சென்சார். பாதி இறக்கின கண்ணாடியை நடுவுல செருகினா எண்ணைச் சொல்லிடும். ஆனா எல்லா ஊரிலும், எல்லா முனையிலும் அது இருக்காது. 56-க்கும் 46-க்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் கண்ணால், அதுவும் மத்தியான வெயில்ல, எவராலும் சொல்ல முடியாது. ஃபிலிம் இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டா? கண்ணாடியோட ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தா போதும். அளக்கவேண்டிய கேள்வியை ஆமா இல்லைன்னு பதில் சொல்லக்கூடிய கேள்வியா மாத்திட்டாங்க. நாங்களும் ஆபீஸ்ல இப்படித்தான் பண்ணுவோம். நிஜமா அளக்கணும்னு நினைக்கிறதை அளக்க முடியலைன்னா, அதுக்குப் பக்கத்துல அளக்க முடியுற ஒண்ணை எடுத்துப்போம். வேலை நடக்கும். ஆனா கொஞ்ச நாள்ல எதுக்காக அளக்க ஆரம்பிச்சோம்னு எல்லோருக்கும் மறந்துபோகும்.

எதுக்காக ஆரம்பிச்சது? இங்கே ரெண்டு வேற வேற நோக்கம் இருக்கு. ஒண்ணு, உள்ளேயிருந்து வெளியே தெரியணும். அது விபத்து சம்பந்தப்பட்டது. இன்னொண்ணு, வெளியேயிருந்து உள்ளே தெரியணும். அது குற்றம் சம்பந்தப்பட்டது. பிரிட்டனில் விதி என்ன தெரியுமா? முன் கண்ணாடி 75 சதவீதம், ஓட்டுநர் பக்கத்து முன் ஜன்னல்கள் 70 சதவீதம். பின் சீட்டு ஜன்னல்களுக்கும் பின் கண்ணாடிக்கும் வரம்பே கிடையாது. ஓட்டுறவருக்கு ரோடு தெரிஞ்சா போதும், பின்னாடி யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அரசாங்கத்துக்குக் கவலை இல்லை. நம்ம விதியில் பின் சீட்டு ஜன்னலுக்கும் 50 இருக்கு. 2012 தீர்ப்போட அக்கறை முழுக்க ரெண்டாவது நோக்கத்தில்தான்.

அந்த அக்கறையை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். தீர்ப்பு வந்து எட்டு மாசம்கூட ஆகல, 2012 டிசம்பர் 16-ஆம் தேதி டெல்லியில் ஒரு தனியார் பஸ்ஸில் அந்தக் கொடூரம் நடந்தது. அந்த பஸ் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிமும் இருந்தது, உள்ளே திரையும் இருந்தது. தலைநகரத்தோட ரோட்டுல அது ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, ஃபிலிம் கண்ணாடியில் இருந்தது. அதனால ஃபிலிம் விஷயத்தில் போலீஸ் நிறுத்தும்போது "இதுக்கெல்லாமா நிறுத்துவாங்க"ன்னு நாம சலிச்சுக்கிறதுக்கு முன்னாடி இதையும் நினைச்சுப் பார்க்கணும்.

இப்போ கேரளா. 2020-இல் மத்திய அரசு 100ஆவது விதியைத் திருத்தியது. 2021 ஏப்ரல் 1 முதல் அமல். அதுவரைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி என்று மட்டும் இருந்த இடத்தில் "சேஃப்டி கிளேசிங்" என்ற சொல்லும் சேர்ந்தது. சின்ன மாற்றம்தான். ஆனா இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸோட 2019 தரநிலையில் சேஃப்டி கிளேசிங் என்பதற்குள், உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டின பாதுகாப்புக் கண்ணாடியும் வருது. 70, 50 வரம்பு அப்படியே இருக்கு.

2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். நகரேஷ் இதைத்தான் பிடிச்சார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பழைய விதியை வச்சுச் சொன்னது. இப்போ விதியே மாறிடுச்சு. அதனால 70, 50 வரம்புக்குள் இருக்கிற, தரநிலைக்குப் பொருந்துற ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது. வண்டி கம்பெனி மட்டும்தான் ஒட்டலாம்ங்கிற வாதத்தையும் அவர் ஏத்துக்கல. கண்ணாடியை விதிப்படி பராமரிக்கிற பொறுப்பு உரிமையாளருக்கும் இருக்கு, அப்போ உரிமையாளரும் ஒட்டலாம். பாருங்க, அதே "பராமரிக்க" என்ற சொல், 12 வருஷம் கழிச்சு எதிர்ப்பக்கம் போய் நிக்குது.

கோயம்புத்தூர் நண்பருக்கு இப்போ பதில். உயர் நீதிமன்றத் தீர்ப்பு அந்த மாநிலத்து அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். வாளையாருக்கு இந்தப் பக்கம் அதை மேற்கோள் காட்டலாம். இதுவும் மத்திய அரசோட விதிதானே, அதே சொற்கள்தானேன்னு வாதாடலாம். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கு. ஆனா தமிழ்நாட்டு அதிகாரி அதை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. அவர் 2012 உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டினா, அது நாடு முழுக்கச் செல்லும் உத்தரவு. பண விஷயத்தில் பயப்பட ஒண்ணுமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 177ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, திரும்பத் திரும்ப மாட்டினா 1,500 ரூபாய் வரை. ஆனா நடுரோட்டில், எட்டு மாசக் குழந்தையை வச்சுக்கிட்டு, வெயில்ல நின்னு சட்டம் பேசணுமா? அங்கேயே ஃபிலிமைக் கிழிக்கச் சொன்னாங்கன்னா நீங்க கொடுத்த ஆயிரக்கணக்கான ரூபாயும் அதோட போச்சு. என்னைக் கேட்டா, தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிக்கு இப்போதைக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். உச்ச நீதிமன்றமே புதிய விதியை வச்சு ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும், இல்லைன்னா தமிழ்நாடு அரசு தெளிவா ஒரு சுற்றறிக்கை விடுற வரைக்கும்.

அப்போ குழந்தைக்கு என்ன பண்றது? இதுதான் நிஜமான கேள்வி. ஃபிலிம் என்பது ஒரு வழி மட்டும்தான், அதுவும் எல்லோரும் நினைக்கிற மாதிரி வேலை செய்றது இல்லை.

சூரிய ஒளியோட ஆற்றலில் ஏறக்குறைய பாதி நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கறுப்பா இருக்கிற ஃபிலிம் கண்ணுக்குத் தெரியுற ஒளியைக் குறைக்குது, அதனால குளுமையா இருக்கிற மாதிரி தோணும். மலிவான சாயம் போட்ட ஃபிலிம் வெப்பத்தை உறிஞ்சி, தானே சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளேயே தள்ளும். அதே சமயம், நல்ல செராமிக் ஃபிலிம் ஏறக்குறைய தெளிவா இருந்துக்கிட்டே அகச்சிவப்பை நிறைய தடுக்கும். ஆக, கறுப்பு வேற, குளுமை வேற. கேரளாவில் ஒட்டுறவங்களும் இதை வச்சுத்தான் தேர்ந்தெடுக்கணும். பக்கவாட்டில் 70 அல்லது அதுக்கு மேல உள்ள ஃபிலிம், ஒட்டினபிறகு மீட்டர் வச்சு அளந்த எண், பில். இந்த மூணும் கையில் இருக்கணும்.

புற ஊதாக் கதிரைப் பொறுத்தவரை, முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது. அந்தப் படலமே புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துடும். பக்கவாட்டுக் கண்ணாடி பொதுவா ஒத்தைக் கண்ணாடி, அதில்தான் கணிசமா உள்ளே வரும். அதனால குழந்தையோட சீட்டை ஜன்னல் ஓரத்துல வைக்காம, வண்டி அமைப்பு இடம் கொடுத்தா நடுவுல வையுங்க. நிறுத்தி வச்சிருக்கும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே மடிப்புத் திரை வைக்கலாம், ஓட்டும்போது எடுத்துடணும். கிளம்பும்போது நாலு கதவையும் திறந்து சூட்டை வெளியே விட்டுட்டு அப்புறம் ஏசி போடுங்க. புது வண்டி வாங்குறவங்க புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடி கம்பெனியிலேயே வருதான்னு கேளுங்க. அதுக்கு எந்த மாநிலத்திலும் தடை இல்லை. பின் ஜன்னல்ல ஒட்டுற வலைத் திரை பத்தியும் கேட்பீங்க. 2012 உத்தரவில் "வேறு எந்தப் பொருளும்" என்று இருக்கிறதை மறந்துடாதீங்க.

கடைசியா ஒண்ணு. இந்த விஷயத்தில் போலீஸ், கார்க்காரர், நீதிமன்றம்னு எல்லோரும் பேசுறாங்க. ரோட்டைக் குறுக்கே கடக்கிற ஆள் எங்கேயும் வரலை. நம்ம ஊர்ல சிக்னல் இல்லாத இடத்துல ரோட்டைக் கடக்கிறது எப்படி? கையைக் காட்டுவோம், டிரைவர் முகத்தைப் பார்ப்போம், அவர் நம்மளைப் பார்த்துட்டார்னு தெரிஞ்சதும் காலை எடுத்து வைப்போம். டிரைவர் முகமே தெரியாத வண்டி வந்தா, அந்தப் பேச்சுவார்த்தையே நடக்காது. ராத்திரி ஓட்டுறவருக்கும் இதே கதிதான். வண்டியைத் திருப்பும்போது நாம பார்க்கிறது பக்கவாட்டு ஜன்னல் வழியா. வெளியே இருக்கிற சைடு மிரரைப் பார்க்கிறதும் அதே ஜன்னல் வழியா. பின் விளக்கு எரியாத சைக்கிளும், கறுப்புச் சட்டை போட்டு ஓரமா நடக்கிறவரும் ஏற்கெனவே அரைகுறையாத்தான் தெரியறாங்க. அதில் பாதியை நாம ஃபிலிமுக்குக் கொடுக்கிறோம். அதனால கேரளாவில் சட்டம் இடம் கொடுத்தாலும், முன் ஜன்னல்கள் ரெண்டையும் விட்டுடுங்க. வெயில் படுறது பின் சீட்டுக் குழந்தைக்குன்னா, பின் ஜன்னலுக்கு மட்டும் போதும்.

இது சட்ட ஆலோசனை இல்லை, விதியையும் தீர்ப்பையும் படிச்ச ஒருத்தரோட பேச்சு. உங்க ஊர்ல இது எப்படி அமலாகுதுன்னு எழுதுங்க, குறிப்பா எல்லை தாண்டி அடிக்கடி ஓட்டுறவங்க. அடுத்த எபிசோடில் ஹெட்லைட்டுக்கு வெள்ளை எல்.இ.டி. மாத்துறதைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் பார்த்துப் போங்க.